நடக்கக் கூடாத இரண்டு மணி நேரம்

குடித்தாகிவிட்டது. தம்ளரின் அடியில் தங்கியதையும் விடக் கூடாது என்று ரத்தம் எடுக்கும் பெண் ஏஞ்சலின் சொன்னதால், துளசிமணி அதைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை நாக்கில் விட்டுக்கொண்டாள். கல்யாண வீட்டுப் பாயசம்கூட இப்படித் தித்தித்ததில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறது என்றார்கள், எங்கே பிழிந்தார்களோ. இனி இரண்டு மணி நேரம் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எதுவும் சாப்பிடக் கூடாது, வாந்தி எடுக்கக் கூடாது, முக்கியமாக நடக்கக் கூடாது. நடந்தால் சர்க்கரை இறங்கிவிடுமாம், கணக்குத் தப்பிவிடுமாம். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன தைப்பொங்கலிலிருந்து நட நட என்று எல்லோரும் விரட்டியது இந்தச் சர்க்கரை இறங்கத்தானே? விடிவதற்கு முன்பே மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாளே, பக்கத்து வீட்டுக்காரி பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பாளே, அந்தக் கால்கள் இப்போது நாற்காலிக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு விரலை அசைத்தாள். விரலை அசைத்தால் நடந்த கணக்கில் வருமா? எதற்கு வம்பு என்று அதையும் நிறுத்தினாள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ஊசி. அதில் வரும் எண் அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே நின்றால் அவளுடைய இரண்டு கிட்னியில் ஒன்று பூபதிக்கு. கோட்டைத் தாண்டினால் இல்லை. பெற்ற ஒரே பையனின் ஆயுசு ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் கரைந்து தன் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று நினைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

வாந்தியை நினைக்காதே துளசி, நினைத்தால் வந்துவிடும். வேறு எதையாவது நினை. கிட்னியை நினை. ஸ்கேன் எடுத்தவர், இந்த அம்மாவின் கிட்னி இரண்டும் சின்ன வயதுக்காரியுடையது போல இருக்கிறது என்றாராம். கிட்னி நல்ல கிட்னிதான். கெட்டது அதைச் சுற்றியிருந்த சதை. பத்துக் கிலோ இறக்கிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சந்தையில் ஆடு வாங்குகிறவன் கொழுத்த ஆட்டைத்தான் தேடுவான், இங்கே எல்லாம் தலைகீழ். இந்தச் சதை எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகிக் கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்தபோது வளையல்கள் முழங்கை வரை ஏறின. அப்புறம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காருகிற வாழ்க்கை. அவர் வட்டிலில் ஒரு பிடி, பூபதி வட்டிலில் ஒரு பிடி, குண்டாவில் ஒட்டியிருந்தது, நேற்றைய குழம்பு, கெட்டுப்போவதற்கு இன்னும் அரை நாள் இருந்த ரசம். சோற்றைக் கொட்டினால் சோற்றுக்கே திண்டாடுவாய் என்று சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவள். பசித்ததா, பசிக்கவில்லையா என்று வயிற்றைக் கேட்டதே இல்லை. பாத்திரம் காலியானால் அன்றைய சாப்பாடு முடிந்தது. பூபதியின் அப்பா இருந்த வரைக்கும், அரிசி மூட்டைக்குக் கை கால் முளைத்த மாதிரி வருது பாரு என்று சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவர் கம்பு மாதிரி இருந்தார். பூபதி பத்தாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் அவர் வட்டிலில் ஒரு பிடி மீதி இருந்தது. அதை என்ன செய்தாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். பூபதி இளைத்தவன். அப்பனைப் போலவே எலும்புக்கு மேல் தோல் போர்த்திய உடம்பு. பம்ப் கம்பெனிக்குச் சைக்கிளில்தான் போவான், ஞாயிற்றுக்கிழமை பந்தடிப்பான், ஊரெல்லாம் ஓடுவான். வியாதி வருவதென்றால் அவளுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? குண்டாக இருந்தால் அது வரும் இது வரும் என்று டிவியில் தினம் பயமுறுத்துகிறார்களே, அந்தச் சாபமெல்லாம் வீட்டு வாசல் வரை வந்து ஆள் மாறிப் போய்விட்டதா? பிரஷர் என்றார்கள். யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்கில் ஏறிக் கிடந்து கிட்னியை அரித்துவிட்டதாம். காலையில் கண்ணிமை வீங்கியிருந்தபோது ராத்திரி கண் விழித்துப் போன் பார்த்தாயா என்று திட்டினாள். செருப்பு வார் காலில் பதிந்தபோது புதுச் செருப்புக் கடிக்கும் கண்ணு என்றாள். உப்பு. மறுபடியும் உப்பில் வந்து நின்றுவிட்டது மனசு. எங்கே சுற்றினாலும் கடைசியில் உப்பு ஜாடிக்குத்தான் வரும். அப்பளம் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வடுமாங்காய்த் தண்ணீரைக் கையில் ஊற்றி உறிஞ்சுவான், அவள் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்பாள். உங்க சாப்பாட்டால மட்டும் வந்ததில்லைம்மா, பிரஷரை முன்னாடியே பார்த்து மாத்திரை சாப்பிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று ஊர் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். முன்னாடியே பார்த்திருக்கணுமாம். ஒல்லியாக ஓடித் திரிகிற பையனைப் பிடித்து வைத்து எந்தத் தாய் பிரஷர் பார்ப்பாள்? டாக்டர் சொன்னது காதுக்குப் போயிற்று, மனசுக்குப் போகவில்லை.

இப்போது ஒரே வீட்டில் இரண்டு பத்தியம். அவனுக்கு உப்புக் கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும். ஒரு ருசியும் இருக்காது, அவன் வாய் திறக்காமல் மென்று விழுங்குவான். அவளுக்குச் சோறு கூடாது, கிழங்கு கூடாது, சர்க்கரையின் வாசமே கூடாது. ராகிக் களி ஓர் உருண்டை, கொள்ளு ரசம், கீரை. முதலில் எடை சரசரவென்று இறங்கியது. ஜாக்கெட் தொளதொளத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது, பையன் படுக்கையில் கிடக்க அம்மாக்காரி இளமையாகிறாளே என்று. அப்புறம் நின்றுவிட்டது. எவ்வளவு குறைத்துத் தின்றாலும் எவ்வளவு நடந்தாலும் முள் அசையவில்லை. உணவு ஆலோசனை சொல்லும் பெண் சிரித்தாள். உங்க உடம்பு ஏதோ பஞ்சம் வந்துருச்சுன்னு நினைக்குதும்மா, குறைஞ்ச சாப்பாட்டிலேயே காலத்தை ஓட்டப் பழகிக்கிச்சு, பட்டினி கிடக்காதீங்க, கொஞ்சம் தூக்கி இறக்கிற வேலை செய்யுங்க, சதை உரமேறட்டும் என்றாள். உடம்பா அது? பஞ்சம் பார்த்த குடியானவன் மாதிரி தானியக் குதிரின் வாயை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. துளசிமணி மண் நிரப்பிய இரண்டு வாளிகளோடு மாடிப்படி ஏறி இறங்கினாள். முழங்கால் கெஞ்சியது, இவள் உடம்பிடம் கெஞ்சினாள். விடு, கொஞ்சம் விடு, உனக்கில்லை, அவனுக்கு. ஆடி பிறக்கும்போது பத்தாவது கிலோவும் போயிற்று. அன்றைக்கு அழுதாள்.

அப்புறம்தான் சர்க்கரைப் பேச்சு வந்தது. இதே ஆஸ்பத்திரியில், மேல் மாடியில், பெரிய டாக்டர் இங்கிலீஷில் பூபதியிடம் பேசினார். எல்லாமே அவன் மூலமாகத்தான். அவர் அவனிடம் சொல்வார், அவன் இவளிடம் சொல்வான். அன்றைக்கு டாக்டர் நெடுநேரம் பேசினார். நடுவில் அவன் ஏதோ கேட்டான், அவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார், அவன் இன்னொன்று கேட்டான், அவர் பதில் சொல்லாமல் இவளைப் பார்த்தார். ஏங்கண்ணு, என்னங்கறாரு என்று கேட்டதற்கு, சர்க்கரை டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருக்குதாம்மா என்றான். அத்தனை நீளப் பேச்சுக்கு இத்தனூண்டு தமிழா என்று அன்றைக்கே உறுத்தியது. அப்புறம் மறந்துவிட்டாள். இல்லை, மறக்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. டாக்டர் படம் போட்டபோது ஒரு காலையும் போட்டாரோ? அண்ணன் பழனிச்சாமிக்குச் சர்க்கரை வந்து முதலில் விரல் போயிற்று, அப்புறம் முழங்கால் வரை, கடைசியில் கிட்னியும் போயிற்று. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பூபதிதான் மாமனை இரண்டு கையிலும் ஏந்திக் கக்கூசுக்குக் கொண்டுபோவான். அண்ணனைப் பற்றி டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவன்தான் சொன்னான். அதை ஏன் சொல்லப் போனான்? சொல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சர்க்கரைத் தண்ணீரே இருந்திருக்காதோ என்னவோ. தொண்டை வரை ஏதோ ஏறி வந்தது. கண்ணை மூடி, மூக்கால் மூச்சு விட்டு, விழுங்கி அடக்கினாள்.

கடைசி மூன்று நாளை நினைத்தால் தெம்பாக இருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள், விரதமும் மூன்று நாளைக்குத் தாங்காதா என்ன? சோறு, இட்லி, களி, எதையும் கண்ணுல பாக்காத, அப்பத்தான் சுகர் இறங்கும் என்று பூபதி சொல்லிவிட்டான். சொன்னவன் அதோடு விடவில்லை. மூச்சு வாங்க வாங்கக் கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தான், வெள்ளரிக்காய் வாங்கி வந்தான். நோம்புக்குச் செய்ததென்று பக்கத்து வீட்டுக்காரி வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டுக் கொண்டுவந்தபோது வாசலிலேயே வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டான். நேற்றுச் சாயங்காலம் அவனுக்கு அரிசிம்பருப்புச் சோறு கிளறிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. கை தானாக ஒரு கவளத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. எங்கிருந்துதான் வந்தானோ, கையைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம்மா என்றான். அந்தக் கவளத்தை அவள் குண்டாவிலேயே போட்டாள். உயிர் மேல் எவ்வளவு ஆசை பிள்ளைக்கு என்று நினைத்தபோது பாவமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவன், பிழைக்க வேண்டும் என்று இப்படி ஆசைப்படுகிறானே, அது போதும். பட்டினி பலித்திருக்கும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஏஞ்சலின் வந்து பக்கத்தில் நின்றாள். ஊசிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, முகம் வெளுத்திருக்கிறதே என்று பார்க்க வந்தாளாம்.

"தலை சுத்துதாம்மா?"

"கொமட்டுது அம்மணி. பட்டினி கெடந்த வகுறு, இத்தன இனிப்பத் தாங்க மாட்டீங்குது."

"ஒரு ராத்திரிப் பட்டினிதானே?"

"ஒரு ராத்திரியா? மூணு நாளா ஒரு பருக்கை உள்ள போகல கண்ணு. மோரு, வெள்ளரிக்கா, முட்டைல வெள்ளை. அவ்வளவுதான்." சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஏஞ்சலின் சிரிக்கவில்லை. "சோறே சாப்பிடலையா? என்னம்மா இது? திங்கட்கிழமை உங்க பையன்கிட்டப் போன்ல சொன்னேனே. மூணு நாளும் சோறு, இட்லியெல்லாம் வயிறு நிறையச் சாப்பிடணும், குறைச்சா நம்பர் தப்பா ஏறிடும்னு. ரெண்டு தடவை சொன்னேன். சரியாத் திருப்பிச் சொன்னாரே."

"தின்னா சர்க்கரை ஏறுமில்ல?"

"இந்த டெஸ்ட் அப்படியில்லம்மா. நாள்கணக்கா மாவுச்சத்தே இல்லாம இருந்துட்டு திடீர்னு இவ்வளவு சர்க்கரையைக் குடிச்சா, உடம்பு அதை எடுத்துக்கத் தடுமாறும். நல்லா இருக்கறவங்களுக்கே நம்பர் ஏறிக் காட்டும். அதைப் பார்த்தா டாக்டர் வேண்டாம்னுதானே எழுதுவாங்க?"

சரியாகக் கேட்டிருக்க மாட்டான். அதுதான் முதலில் தோன்றியது. உடம்பு முடியாதவன், டயாலிசிஸ் களைப்பில் காது அடைத்திருக்கும், சாப்பிடணும் என்றது சாப்பிடக் கூடாது என்று விழுந்திருக்கும். திருப்பிச் சொன்னாரே. மறந்திருப்பான், மாற்றி ஞாபகம் வைத்திருப்பான், அவனுக்கு இருக்கிற கவலையில் எது எதுதான் நிற்கும். சரியாகத் திருப்பிச் சொன்னாரே. எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த ஒரு சொல் குறுக்கே வந்து நின்றது. முட்டை வாங்கி வந்தவன் அவன். ஒப்புட்டைத் திருப்பிக் கொடுத்தவன் அவன். கையைப் பிடித்தவன். படுபாவி, எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறான். தோற்கவைக்கத்தான் பட்டினி போட்டிருக்கிறான், அவளும் விரதம் இருப்பதுபோல ஆனந்தமாக இருந்திருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்தது. விளக்குமாற்றை எடுத்து நாலு சாத்துச் சாத்த வேண்டும்போல, இத்தனை மாதம் வாளி தூக்கிய கையால் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போல. அப்புறம் டாக்டரின் நீளப் பேச்சு வந்தது. அவர் போட்ட படம், அவர் பதில் சொல்லாமல் இவளைப் பார்த்த பார்வை. இங்கிலீஷ் தெரியாதவளுக்கும் இப்போது அது விளங்கியது. அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும் வரலாம். வந்தால் ஒரே கிட்னிதான் தாங்க வேண்டும். வராமலிருக்க ஆயுசு முழுக்க நடக்க வேண்டும், வாயைக் கட்ட வேண்டும், அப்படியும் வரலாம். அதைத்தான் கேட்டிருப்பான். கேட்டுவிட்டு, டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருக்குதாம்மா என்றான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்கிறார்கள். கல்லா இது? கல்லாக இருந்து தொலைத்திருந்தால் இந்நேரம் வயிறு நிறையத் தின்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பாளே. குமட்டல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அழுகை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஏஞ்சலின் அவள் தோளில் கை வைத்தாள். இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுவதாகவும், இன்றைக்கு ஊசி வேண்டாம் என்றும், அடுத்த வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் குடிக்கலாம் என்றும் சொன்னாள். அப்போதாவது கோட்டுக்குள் நிற்குமா என்று துளசிமணி கேட்டாள். அது உங்க உடம்புக்குத்தாம்மா தெரியும் என்றாள் அந்தப் பெண். இனி நடக்கலாம் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை, இவளும் கேட்கவில்லை. எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

பூபதி வராந்தாக் கோடியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். சட்டை அவனுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. முகம் மட்டும் உப்பியிருந்தது. அவளைப் பார்த்ததும், "ரத்தம் எடுத்தாச்சாம்மா?" என்றான்.

"இல்ல." பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுத்த வாரம் வரோணுமாம். மூணு நாளும் சோறு திங்கோணுமாம்."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே ஆம்புலன்சைத் தவிர ஒன்றுமில்லை. அவள் கோபமாக ஆரம்பிக்கத்தான் நினைத்திருந்தாள்.

"ஏங்கண்ணு இப்படிப் பண்ணுன?"

அவன் குரல் தணிந்து, யாரோ தூங்குகிற அறையில் பேசுகிற மாதிரி வந்தது. "நீ குடுக்கற கிட்னி காலத்துக்கும் ஓடாதும்மா. பத்து வருசமோ, பதினஞ்சு வருசமோ, அதுவும் நிச்சயமில்ல. அதுக்கப்புறம் உனக்குச் சர்க்கரை வந்து படுத்தீன்னா, உன்னையத் தூக்கறதுக்கு நான் இருப்பனா?"

அவன் இல்லாத காலத்தை அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஒருபோதும் அதுவரைக்கும் போனதில்லை. ஒவ்வொரு நாள் விடியும்போதும் நடக்கத் தொடங்கியது அங்கே போகாமலிருக்கத்தான். அவளுக்கு அழுகை வெடித்தது. வராந்தாவில் எல்லோரும் பார்க்க, முந்தானையைக்கூட வாயில் வைக்காமல் அழுதாள். அவன், அம்மா, அம்மா என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தான்.

"நீ இல்லாத ஊட்டுல," என்றாள் மூச்சு திரும்பியதும், "நான் ரெண்டு கிட்னியை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணுவேன்?"

அவன் கை அவள் முதுகில் அப்படியே நின்றது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரோ வந்தார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனார்கள். பூபதி போனை எடுத்து அடுத்த வாரத் தேதிகளைப் பார்த்தான்.

"செவ்வாக்கெழமை எனக்கு டயாலிசிஸ் இருக்குது," என்றான். "வியாழக்கெழமை வரலாம்."